அத்தியாயம் 17: யாரையும் கேட்காத கம்ப்யூட்டர்

மரகதம் அழவில்லை.

போன வாரம் அந்த அழைப்பிதழும் கையுமாக அவளைச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டுப் போனேன். இந்த வாரம் இரண்டு பக்கமாவது அழுது தீர்ப்பாள் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும். அவள் அழைப்பிதழை நான்காக மடித்தாள். குக்கரில் மூன்றாவது விசில் வரும்வரை நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"சௌம்யா, எஸ்.பி. ரோடுக்குக் கெளம்பு. எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

இந்த வாரம்தான் முதல்முதலாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரகதம் தொம்மலூர்க்காரி. அல்சூரில் உள்ள ஏரிக்கரைத் தமிழ் மன்றத்தில் பதினான்கு வருஷமாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தவள். பெங்களூர்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசும், பள்ளிக்கூடத்தில் கன்னடம் எழுதும். சென்னையில் அச்சாகிற பாடப்புத்தகம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று, தெரிந்த கன்னட எழுத்திலிருந்து தெரியாத தமிழ் எழுத்துக்குப் போகிற மாதிரி தொண்ணூற்றாறு பாடங்களை அவளே எழுதினாள். கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில், மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஹாலில் இருந்த பொதுக் கம்ப்யூட்டரில் தட்டி முடித்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் வீடு பிரிந்தது. கொழுந்தனார் சுப்ரமணியன் ஹெப்பகோடி அபார்ட்மென்டுக்குப் போனார். கம்ப்யூட்டரும் அவரோடு போனது. பாடங்களைச் சேமித்து வைத்திருந்த இணையக் கணக்கும் அவர் பெயரில்தான் இருந்தது. "செக்யூரிட்டிக்காகப் பாஸ்வேர்டு மாத்திட்டேன் அண்ணி" என்று ஒரு நாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்போது அழைப்பிதழ். 'தொண்ணூற்றாறு நாளில் தமிழ்.' நூலாசிரியர், மன்றச் செயலாளர் சுப்ரமணியன். வெளியீடு அடுத்த ஞாயிறு மாலை. மரகதத்தின் பெயரும் அதில் இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில்: 'சிற்றுண்டி ஏற்பாடு: திருமதி மரகதம்.'

பதினான்கு வருஷத்துக்குக் கேசரியும் போண்டாவும்! எனக்கே வயிறு எரிகிறது. அவளுக்கு எரியாதா?

சனிக்கிழமை காலை. ஹாலில் புது மேஜை, புதுத் திரை, புதுப் பெட்டி. சௌம்யா எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கிறவள், இருபத்தேழு வயது, அம்மாவைவிடப் பொறுமை குறைவு. பெட்டியில் ஒன்றுமே ஏற்றாமல் வெறுமனே வாங்கி வந்ததில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான்.

"கடைக்காரர் எல்லாத்தையும் சும்மாவே போட்டுத் தரேன்னாரேம்மா. 'எல்லா ஹாக்கி கொடுத்தினி மேடம்'னு எவ்ளோ ஆசையா சொன்னாரு. நீதான் பேடா, வேணாம்னுட்டே."

"அவர் போடறேன்னது அத்தனையும் காப்பியடிச்ச சாமான். நான் யார்மேல சண்டைக்குப் போறேன்? திருடின ஆள்மேல. திருட்டுச் சாமானை மடியில கட்டிக்கிட்டா போவாங்க?"

"சரி, காசு குடுத்து வாங்கலாம். முப்பது நாள் ஃப்ரீ. புடிச்சிருந்தா அப்புறம் கட்டினாப் போதும்."

"முப்பது நாள் நல்லவனா இருந்துட்டு முப்பத்தோராம் நாள் கதவைப் பூட்டறவன். உங்க சித்தப்பாவை மறுபடியும் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரச் சொல்றியா?"

சௌம்யா சிரித்துவிட்டாள். மரகதம் சிரிக்கவில்லை. ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அதில் அவள் எழுதியிருந்தது மென்பொருள் பட்டியல் இல்லை. சுப்ரமணியன் செய்த ஒவ்வொரு காரியமும் தேதியோடு வரிசையாக இருந்தது.

"இது ஒவ்வொண்ணுக்கும் எனக்குப் பதில் வேணும். மொதல்ல, இந்தப் பெட்டி யாரையும் கேட்காம ஓடணும். எவன் பேர்லயும் கணக்கு இருக்கக் கூடாது."

"லினக்ஸ்" என்றாள் சௌம்யா. "உலகத்துல பல பேர் சேந்து எழுதி, எல்லாருக்கும் பொதுவா வெச்சிருக்காங்க. யாரும் உன்னை வெளில தள்ள முடியாது."

"போடு."

அரை மணி நேரம். இரண்டு காபி. பாகப் பிரிவினையன்று சுப்ரமணியன் ஆள் வைத்துப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போனதற்கு எதிரே மரகதம் ஒரு கோடு போட்டாள்.

"அடுத்தது, நான் எழுதறதுக்கு."

"லிப்ரே ஆபீஸ். அது கூடவே வந்துடுச்சும்மா. சந்தா கெடையாது, காலாவதி கெடையாது. ஃபைல் உன் பெட்டியிலயே இருக்கும்."

"உங்க சித்தப்பா நெனச்சா?"

"நெனச்சிட்டே இருக்க வேண்டியதுதான்."

இன்னொரு கோடு. அப்படியே ஒவ்வொன்றாகப் போனார்கள். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க கீபாஸ் என்று ஒன்று. அதற்கு ஒரே ஒரு தலைமைப் பாஸ்வேர்டு. சௌம்யாவைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அதை மரகதம் அடித்தாள். அடிக்கும்போது அவள் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்தால், அது நிச்சயம் கொழுந்தனாரைப் பற்றிய மரியாதையான வார்த்தை இல்லை. தமிழ் அடிக்கும் விசைப்பலகையில் டைப்ரைட்டர் முறையையே தேர்ந்தெடுத்தாள். அல்சூர் இன்ஸ்டிட்யூட்டில் பதினெட்டு வயதில் பழகிய விரல், அதை யாருக்காகவும் மாற்ற முடியாது.

படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்று சௌம்யா ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்ற மரகதம், புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்த பென்டிரைவைக் கொண்டு வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்து வைத்த பிரதி. சௌம்யா அதைச் செருகி, 'பாடம் 1' என்ற கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடந்தன. ஒரு வார்த்தைகூடத் தமிழாக இல்லை.

"ஐயோ அம்மா! போச்சு. ஃபைல் கெட்டுடுச்சு!"

"ஒண்ணும் கெடல. பழைய ஃபான்ட். கீழ பாரு, தனியா ஒரு ஃபைல் இருக்கும். லேக்வியூன்னு."

இருந்தது. மன்றத்துக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்த க்ளென் என்பவர், மரகதத்துக்காகவே செய்து கொடுத்த எழுத்துரு அது. தமிழும் கன்னடமும் ஒரே வரியில் வந்தால் வரி உடைந்து போகிறது என்று அவள் புலம்பியதைக் கேட்டு, இரண்டு மொழி எழுத்தையும் ஒன்றிலேயே அடைத்துத் தன் அச்சகத்தின் பெயரை வைத்தார். அது இல்லாத கம்ப்யூட்டரில் அவள் எழுதியதெல்லாம் இப்படித்தான் குப்பையாகத் தெரியும். அச்சகத்துக்குக் கோப்பு கொடுத்தால் கூடவே எழுத்துருவையும் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் டி.டி.பி. வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

சௌம்யா எழுத்துருவை நிறுவி, கோப்பை மறுபடி திறந்தாள்.

தமிழ் வந்தது. இடது பக்கம் கன்னட எழுத்து, வலது பக்கம் தமிழ் எழுத்து, நடுவில் ஒரு அம்புக்குறி, கீழே கட்டம் போட்ட பயிற்சி. மரகதம் திரையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே, இதைத் தன்னுடையது என்று ஒருத்தன் மேடையில் சொல்லப் போகிறானே என்ற ஆத்திரம் இன்னும் சூடாக இருந்தது.

"மொத்தத்தையும் ஒண்ணா சேத்து பி.டி.எஃப். போட்டுடலாம்மா" என்றாள் சௌம்யா. "அப்புறம் அச்சடிக்க ஃபான்ட்கூட வேணாம். எங்க தொறந்தாலும் இப்படியேதான் இருக்கும்."

"மொதப் பக்கத்துல எம் பேரு போடு. பெரிசா."

முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் தயாரானபோது மணி பதினொன்றரை. வாசலில் மணி அடித்தது.

பரத்! சுப்ரமணியனின் ஒரே மகன், சௌம்யாவுக்குத் தம்பி முறை. கையில் மைசூர்பாக் டப்பா. ஆறு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

"வா கண்ணா, உள்ள வா" என்று மரகதம் சொன்ன குரலில் அத்தனை தேன். சௌம்யா சட்டென்று திரையை அணைத்தாள்.

பரத் உட்கார்ந்தான். ஹெப்பகோடி டிராஃபிக்கைப் பற்றிச் சொன்னான். சில்க் போர்டு சிக்னலைப் பற்றிச் சொன்னான். புதுக் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்றான். காபியைக் குடித்து முடித்துத் தம்ளரை இரண்டு கையாலும் உருட்டினான்.

"பெரியம்மா, அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு ஃபான்ட் இருந்துச்சாமே... உங்ககிட்ட இருக்கா?"

"ஏன்ப்பா, அதுலயே இருக்குமே."

"அதை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு லேப்டாப் வாங்கிட்டோம். நான் டாகுமென்ட் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணேன். இப்ப பிரஸ்ல தொறந்தா எல்லாம் கசமுசான்னு வருது. நெட்ல கன்வர்ட்டர் போட்டுப் பாத்தோம். பாதி தமிழ், பாதி பேஜார். க்ளென் அங்கிளும் ஊர்ல இல்லையாம். திங்கக்கெழமை பிரிண்ட் ஆரம்பிக்கலேன்னா ஞாயித்துக்கெழமைக்குப் புக்கே இருக்காது."

மரகதம் மைசூர்பாக்கை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவள் சாப்பிட்ட மிக ருசியான இனிப்பு அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

"யார் எழுதின ஃபைல்ப்பா அது?"

"அது... அப்பா..."

"அப்பா எழுதின ஃபைலா? அப்ப எந்த ஃபான்ட்ல எழுதினார்னு அப்பாவையே கேக்க வேண்டியதுதானே?"

பரத்தின் காது சிவந்தது. சௌம்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கலாட்டா பண்ணாதீங்க பெரியம்மா. நீங்க எழுதினதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்களே சம்மதிச்சு லெட்டர் குடுத்தீங்கல்ல? அதை வெச்சுத்தானே மன்றத்துல அப்பா பேர்ல தீர்மானம் போட்டாங்க."

"நானா? லெட்டரா?"

பரத் போனை எடுத்துக் காட்டினான். தட்டச்சு செய்த கடிதம். 'நான் தொகுத்த பாடக் குறிப்புகளைத் திரு. சுப்ரமணியன் அவர்கள் தம் பெயரில் நூலாக வெளியிடுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' கீழே கையெழுத்து. மரகதம்.

மரகதம் போனை வாங்கிக் கையெழுத்தைப் பெரிதாக்கினாள். எழுத்தெல்லாம் அவள் எழுத்து மாதிரியேதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு குட்டிக் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அவள் ஒரு நாளும் கோடு போட்டதில்லை. அந்தக் கோட்டையும் புள்ளியையும் போடுகிறவர் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டே கை தேய்ந்தவர்.

கேஸ் புத்தகத்தில், கூரியரில், சௌம்யாவின் பிராக்ரஸ் கார்டில், 'மரகதம் அடுப்புல இருக்கா, நானே போட்டுடறேன்' என்று அவள் பெயரை அவரே போட்டுப் பழகியவர். நம்மில் எத்தனை வீட்டில் நடக்கிறது இது! அவளும் ஒரு நாளும் தப்பென்று நினைத்ததில்லை.

எத்திராஜ். அவள் புருஷன்.

"பெரியம்மா?"

"இந்த போட்டோவை எனக்கு அனுப்புப்பா."

அந்த அப்பாவி உடனே அனுப்பினான். மரகதம் வந்துவிட்டதா என்று பார்த்தாள், பார்த்ததும் எழுந்தாள்.

"ஃபான்ட் எங்கிட்ட இருக்கு. நாளானிக்கு, திங்கக்கெழமை காலைல உங்கப்பாவை வரச் சொல்லு. உன்னை அனுப்பறதெல்லாம் வேணாம். அவரே வந்து, இந்த எடத்துல உக்காந்து, யார் எழுதின புத்தகம்னு அவர் வாயால சொல்லிட்டு வாங்கிட்டுப் போகட்டும்."

"அப்பா வரமாட்டாரு பெரியம்மா."

"அப்ப ஞாயித்துக்கெழமை மேடையில வெறும் அட்டையை வெளியிடட்டும். சிற்றுண்டி நான் அனுப்பி வைக்கறேன். சும்மா இல்ல, நெய்யில பண்ண கேசரி."

பரத் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சௌம்யா போட்டோவைப் பார்த்துவிட்டு வாய் திறந்தாள்.

"அம்மா, இது அப்பா..."

"தெரியும். பழைய பிரிண்டரைப் பரண்லேர்ந்து எறக்கி மாட்டு."

கொழுந்தனார்மேல் அவளுக்கு இருந்தது கோபம். அது வெளியாள் மேல் வருகிற கோபம், அதில் ஒரு உற்சாகம்கூட இருந்தது. இப்போது நெஞ்சுக்குள் இருந்தது வேறு. இருபத்தொன்பது வருஷம் ஒரே தட்டில் அவளுக்கும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டவர் செய்த காரியம். அவளுக்கு வலித்தது. வலிக்க வலிக்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வெறியும் ஏறிக்கொண்டே போனது.

எத்திராஜ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாலு மணிக்கு வந்தார். வந்ததும் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார்.

"ஆய்த்தா? ரெடியா? எனக்கும் நியூஸ் படிக்க ஏதாவது போட்டீங்களா?"

"உக்காருங்க" என்றாள் மரகதம். "ஒரு லெட்டர் அடிக்கணும். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"எனக்குத் தமிழ் டைப் பண்ண வராதே."

"ஒவ்வொரு எழுத்தா தேடுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு விரலால் தேட ஆரம்பித்தார். சௌம்யா பிரிண்டர் பக்கத்தில் கை கட்டி நின்றாள்.

"ஏரிக்கரைத் தமிழ் மன்றத் தலைவர் அவர்களுக்கு."

அதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் விரல் அலைந்து அலைந்து எழுத்தைப் பிடித்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள், ஒரு எழுத்தைக்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை.

"வணக்கம். நான் திருமதி மரகதத்தின் கணவன்."

"இது எதுக்கு, சிற்றுண்டி விஷயமா?"

"அடிங்க. தாங்கள் பெற்ற சம்மதக் கடிதத்தில் உள்ள கையெழுத்து..."

விரல் நின்றது.

"...என் மனைவியுடையது அல்ல. அதைப் போட்டவன் நான்."

எத்திராஜ் திரும்பவில்லை. புதுத் திரையில் கர்சர் விட்டு விட்டு மினுக்கியது.

"பரத் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தான்."

"சுப்ரமணி தலைவர் தேர்தல்ல நிக்கறான் மரகதம். ஒரு புத்தகம் இருந்தா மதிப்பா இருக்கும்னான். நம்ம குடும்பம்தானே, யார் பேர்ல வந்தா இன்னா? உனக்கு மேடை, மாலை இதெல்லாம் புடிக்காதுன்னு..."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே. அதான் கேக்கல."

அவர் அதை ரொம்ப நியாயமான காரணம் மாதிரி சொன்னார். மரகதம் அவரை எழுப்பினாள். அவளே உட்கார்ந்தாள். பத்து விரலும் இறங்கின. மிச்சக் கடிதம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பரணில் கிடந்த பிரிண்டர் ஒரு தடவை முனகிவிட்டுத் தாளைத் துப்பியது.

மரகதம் பேனாவை நீட்டினாள்.

"போடுங்க."

"மாட்டேன்." எத்திராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவன் என் தம்பி. இது மன்றத்துக்குப் போனா அவன் ஊர்ல தலைகாட்ட முடியாது. என்னை வேணும்னா அடி, திட்டு. இதுல மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி."

மரகதம் தாளை மேஜையில் வைத்துக் குனிந்தாள். நிதானமாக எழுதினாள். 'கே. எத்திராஜ்.' கீழே ஒரு குட்டிக் கோடு. அதற்குக் கீழே ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. தாளை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"சரியா இருக்கா பாருங்க."

இருந்தது. அவரே போட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். எத்திராஜின் முகம் வெளுத்தது.

"இது ஃபோர்ஜரி மரகதம்! இது குத்தம்! தெரியுமா உனக்கு?"

"தெரியும்ங்க" என்றாள் மரகதம். "உங்களுக்குத் தெரியுமான்னுதான் பாத்தேன்."

சௌம்யா தலையைக் குனிந்துகொண்டாள். சட்டைப் பையில் இருந்த எத்திராஜின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். தம்பி.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் மரகதம், கடிதத்தைக் கையில் பிடித்தபடி. "நீங்க என்ன பேசறீங்கன்னு கேட்டுட்டு இதைக் கிழிக்கறதா, கவர்ல போடறதான்னு சொல்றேன்."

ஐந்தாவது மணியில் எத்திராஜ் போனை எடுத்தார்.